எது கடைசி? ஒரு பனியன் கம்பெனியை கிளவுடுக்கு மாற்றும் முழு வழிகாட்டி

1,800 டி-ஷர்ட். எல்லாவற்றிலும் உடம்பு நீளம் 2 செ.மீ. குறைவு.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராக (பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்பவராக) இருந்தபோது நடந்தது இது. ஃபிட் சாம்பிளை, அதாவது அளவு பார்க்கத் தைத்த மாதிரியைப் பார்த்த பையர், நீளத்தைக் கூட்டச் சொல்லி ராத்திரி மெயில் போட்டிருந்தார். காலையில் வந்ததும் புதிய மெஷர்மென்ட் சார்ட்டை என் கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டு, லேப் டிப் (சாய நிறத்துக்கான மாதிரி) விஷயமாகச் சாயப்பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன். பேட்டர்ன் மாஸ்டர் அன்று லீவு. கட்டிங் மாஸ்டர் வாட்ஸ்அப் குரூப்பில் மேலே தள்ளிக்கொண்டே போய், பத்து நாளைக்கு முன் நான் போட்டிருந்த சார்ட் போட்டோவைக் கண்டுபிடித்து, “ஏனுங்க தம்பி, இதுதான் கடைசிங்களா?” என்று அதன் கீழே கேட்டிருந்தார். பட்டறை சத்தத்தில் நின்றுகொண்டு மெசேஜை மட்டும் படித்தேன். எந்தப் போட்டோவைக் கேட்கிறார் என்று திறந்து பார்க்கவில்லை. கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு போனைப் பையில் போட்டேன். மதியத்துக்குள் லே போட்டு (துணியை அடுக்கடுக்காக விரித்து) வெட்டியாயிற்று. நீளம் கூடியிருந்தாலாவது வெட்டிக் குறைக்கலாம். குறைந்ததை எதைக்கொண்டு ஒட்டுவது?

அந்த வேலையை விட்டு வந்த பிறகு, சின்ன கம்பெனிகளுக்கு கிளவுட் வசதி அமைத்துக் கொடுப்பதே என் வேலையாகிவிட்டது. ஓனர்கள் பெரும்பாலும் “எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் கேட்பது கட்டிங் மாஸ்டரின் கேள்வியை. உங்கள் கம்பெனியில் ஒரு சார்ட், ஒரு ரேட், ஒரு அப்ரூவல், இதில் எது கடைசி என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறதா? கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த இடத்தை உண்டாக்கத்தான். கணக்குக்காக ஒரு நடுத்தரக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம்: 60 மெஷின், ஆபீஸில் 9 பேர், மூன்று பையர்கள்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. கிளவுட் என்றால் வானத்தில் எதுவும் இல்லை. வேறொருவருடைய கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். அமேசான் 2006-ல் சேமிப்பிடத்தையும் சர்வரையும் இப்படி வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் சென்னை, புனே, மும்பையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் இதற்கான டேட்டா சென்டர்களைத் திறந்தன. ஜிஎஸ்டி தளத்தில் ரிட்டர்ன் போடுகிறீர்கள், நெட் பேங்கிங் செய்கிறீர்கள் என்றால், அடுத்தவர் சர்வரில் வேலை செய்வது உங்களுக்கு ஏற்கெனவே பழகிய விஷயம்தான். பயப்பட ஒன்றுமில்லை; கவனமாக இருக்க நிறைய இருக்கிறது.

படி 1: ஒரு வாரம் எதையும் வாங்காமல் கவனியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, பி.ஓ. (பையரின் ஆர்டர்) வந்த நாள் முதல் ஷிப்மென்ட் வரை அதைப் பற்றிய தகவல் எங்கெங்கே கிடக்கிறது என்று எழுதுங்கள். பி.ஓ. மெர்ச்சண்டைசரின் சொந்த ஜிமெயிலில். டெக் பேக் (டிசைன், அளவு விவரங்களின் தொகுப்பு) அவருடைய டெஸ்க்டாப்பில். லேப் டிப் அப்ரூவல் ஒரு மெயிலின் நடுவில். துணி வரவு ஸ்டோர் கீப்பரின் நோட்டில். சாயத்துக்குப் போன துணியின் டி.சி. (டெலிவரி சலான்) ஒரு கோப்பில், அது திரும்பி வந்த எடை இன்னொரு கோப்பில். பிரிண்டிங் ரேட் ஓனரின் வாயில். பேக்கிங் லிஸ்ட், பேக்கிங் சூப்பர்வைசரின் போனில் போட்டோவாக.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் குறியுங்கள்: இதை யார் மாற்றலாம், யார் பார்த்தால் போதும். பின்னால் அனுமதிகள் கொடுக்கும்போது இந்தப் பட்டியல்தான் கையில் இருக்க வேண்டும். ஒரு வாரம் வீண் என்று தோன்றும். நான் பார்த்தவரை, இதைச் செய்யாமல் நேராக வாங்கப் போனவர்கள் ஆறு மாதம் கழித்து அதே குழப்பத்தை மாதச் சந்தா கட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

படி 2: சொந்த டொமைன், சொந்த மெயில்

கம்பெனி பெயரில் ஒரு டொமைன் (இணைய முகவரி) வாங்குங்கள். பல கம்பெனிகளில் டொமைனே இருக்கும். ஆனால் அதன் லாகின், வெப்சைட் செய்து கொடுத்த பையனிடம் இருக்கும். அந்தப் பையன் இப்போது பெங்களூரில் இருப்பான். முதலில் அதை மீட்டு ஓனர் பெயருக்கும் ஓனர் போன் நம்பருக்கும் மாற்றுங்கள். டொமைன் யார் கையிலோ அவர் கையில்தான் உங்கள் மெயில் முழுவதும்.

அப்புறம் கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ ஒர்க்பிளேஸ் மூன்றில் ஒன்று. மூன்றிலும் மெயில், ஃபைல் சேமிப்பு, ஷீட், சாட், வீடியோ மீட்டிங் எல்லாம் ஒரே கட்டணத்தில் வரும். உங்கள் ஆட்கள் எக்செலிலேயே வளர்ந்தவர்கள், பெரிய பெரிய காஸ்டிங் ஷீட் வைத்திருக்கிறார்கள் என்றால் மைக்ரோசாஃப்ட். எல்லோரும் ஆண்ட்ராய்டு போனில்தான் வேலை என்றால் கூகுள் சீக்கிரம் பழகும். பட்ஜெட் இறுக்கம் என்றால் ஜோஹோவை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, இன்று தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலிருந்தும் மென்பொருள் எழுதுகிற நிறுவனம். நம்ம ஊர் என்பதற்காக மட்டும் எதையும் எடுக்காதீர்கள், அதற்காகவே ஒதுக்கவும் வேண்டாம். கீழே உதாரணங்களைக் கூகுளை வைத்துச் சொல்கிறேன். மற்ற இரண்டிலும் இதற்கு இணையான வசதிகளைத் தேடிக்கொள்ளலாம்.

எத்தனை கணக்கு வாங்குவது? கம்பெனியில் 150 பேர் இருக்கலாம். கணக்கு வேண்டியது அந்த 9 பேருக்கு. டெய்லர்களுக்கும் செக்கிங் ஆட்களுக்கும் தேவையில்லை. அதே நேரம், காசு மிச்சம் என்று ஒரே லாகினை மூன்று பேருக்குக் கொடுக்காதீர்கள். ஷீட்டில் ரேட்டை யார் மாற்றினார் என்று பார்த்தால் மூன்று பேருக்கும் ஒரே பெயர்தான் வரும். அப்புறம் பஞ்சாயத்துதான்.

பையருக்குக் கொடுக்கும் முகவரி ஆள் பெயரில் மட்டும் இருக்க வேண்டாம். ஒவ்வொரு பையருக்கும் ஒரு குழு முகவரி உண்டாக்கி, அதில் மெர்ச்சண்டைசர், அவருக்கு மாற்றாள், ஓனர் மூவரையும் சேர்த்துவிடுங்கள். மெர்ச்சண்டைசர் கல்யாணத்துக்கு லீவு போட்டாலும் ராத்திரி மெயில் அனாதையாகக் கிடக்காது. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகளை டொமைனில் சேர்க்கச் சொல்லி அமைப்பு உதவிப் பக்கத்தில் இருக்கும். அதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பெயரில் அடுத்தவர் மெயில் அனுப்புவதைத் தடுப்பது இவைதான்.

படி 3: ஃபோல்டர்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

ஃபைல்களை யாருடைய சொந்த டிரைவிலும் வைக்காதீர்கள். கம்பெனிக்குச் சொந்தமான பகிர்வு டிரைவில் வையுங்கள். சொந்த டிரைவில் இருக்கும் ஃபைலுக்கு அந்த ஆள்தான் உரிமையாளர். அவர் கணக்கை அழித்தால் ஃபைலும் போகும். பகிர்வு டிரைவில் ஆள் போனாலும் ஃபைல் நிற்கும். நீங்கள் வாங்கும் திட்டத்தில் இந்த வசதி உண்டா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

உள்ளே அமைப்பு இப்படி: பையர், அதற்குள் சீசன், அதற்குள் ஸ்டைல் நம்பர். ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் மாறாத ஐந்து ஃபோல்டர்: 1 பி.ஓ., 2 டெக் பேக், 3 அப்ரூவல், 4 உற்பத்தி, 5 ஷிப்பிங். முன்னால் எண் போடுவது வரிசை மாறாமல் இருக்க. காலி அமைப்பு ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டால் புது ஸ்டைல் வரும்போது அதைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் உண்டாக்கிவிடலாம். காஸ்டிங் இதற்குள் வரக்கூடாது. அது தனி டிரைவ், ஓனரும் சீனியர் மெர்ச்சண்டைசரும் மட்டும்.

இனி மெஷர்மென்ட் சார்ட். பழைய பழக்கத்தில் ஒரு ஸ்டைலுக்குள் ‘சார்ட் ஃபைனல்’, ‘சார்ட் ஃபைனல் 2’, ‘சார்ட் ஃபைனல் ஓகே’ என்று மூன்று பிடிஎஃப் இருக்கும். மூன்றில் எது ஓகே என்பது அதைப் போட்டவருக்கே அடுத்த வாரம் மறந்துவிடும். அதனால் ஒரு சட்டம்: ஃபைல் பெயரில் ஃபைனல் என்ற வார்த்தை வரவே கூடாது. ஒரு ஸ்டைலுக்கு ‘4417 மெஷர்மென்ட்’ என்று ஒரே ஒரு ஃபைல். பையர் புதிய சார்ட் அனுப்பினால் அதைத் தனியாகச் சேர்க்காமல், பழைய ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, பதிப்புகளை நிர்வகிக்கும் இடத்துக்குப் போய்ப் புதிய பதிப்பாக ஏற்றுங்கள். ஃபைலின் லிங்க் மாறாது, உள்ளே இருப்பது மட்டும் மாறும். பத்து நாளைக்கு முன் கட்டிங் மாஸ்டருக்கு அனுப்பிய அதே லிங்க்கைத் தொட்டாலும் இன்று காலை வந்த சார்ட்தான் திறக்கும். அன்றைக்கு எனக்கு இது தெரிந்து போட்டோவுக்குப் பதில் லிங்க் அனுப்பியிருந்தால், திறந்து பார்க்காமல் கட்டைவிரல் தட்டியிருந்தாலும் பரவாயில்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிடிஎஃப், எக்செல் போன்ற ஃபைல்களின் பழைய பதிப்புகளை கூகுள் 30 நாளோ 100 பதிப்போ தாண்டினால் அழித்துவிடும். பையர் கிளெய்ம் (நஷ்டஈடு கேட்டு) போடுவது மூன்று மாதம் கழித்து. “நீங்கள் முதலில் கொடுத்த சார்ட்டில் இப்படித்தான் இருந்தது” என்று காட்டப் பழையது வேண்டும். அதனால் ஒவ்வொரு பதிப்பிலும் ‘எப்போதும் வைத்திரு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சார்ட்டின் தலைப்பிலேயே பையர் அனுப்பிய தேதியும் இருக்கட்டும். பிரிண்ட் எடுத்தாலும் எந்த நாள் சார்ட் என்று தெரியும்.

அனுமதி விஷயத்தில் கஞ்சத்தனமாக இருங்கள். கட்டிங், தையல், பேக்கிங் பக்கம் பார்க்க மட்டும். மெர்ச்சண்டைசருக்கு மாற்ற. பையருக்கோ பிரிண்டிங் யூனிட்டுக்கோ லிங்க் கொடுக்கும்போது அந்த மெயில் முகவரிக்கு மட்டும் கொடுங்கள். ‘லிங்க் வைத்திருக்கும் யாரும்’ என்ற வழி சுலபம்தான். ஒரு பையரின் அடுத்த சீசன் டிசைன் இன்னொரு பையரின் ஏஜென்ட் போனில் திறப்பதும் அதே சுலபத்தில்தான்.

படி 4: ஒரே ஷீட்

ஈஆர்பி (கம்பெனி வேலை முழுவதையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள்) வாங்கலாமா என்று கேட்பார்கள். 60 மெஷினுக்கு, முதல் வருடத்தில் வேண்டாம் என்பது என் எண்ணம். பகிர்ந்த ஷீட் ஒன்றில் ஒரு வருடம் ஒழுங்காக வேலை செய்யுங்கள். அதற்குப் பிறகும் மூச்சுத் திணறினால் என்ன வாங்குவது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

ஷீட்டில் ஒரு ஸ்டைலுக்கு ஒரு வரி. பி.ஓ. தேதி, நூல் ஆர்டர், நிட்டிங், சாயம், லேப் டிப் அப்ரூவல், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அப்ரூவல், கட்டிங், தையல், பேக்கிங், எக்ஸ் ஃபேக்டரி (சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் நாள்). ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம்: திட்டமிட்ட தேதி, நடந்த தேதி. நடந்த தேதி காலியாக இருந்து திட்டத் தேதி தாண்டினால் கட்டம் சிவப்பாகட்டும். திட்டத் தேதிக் கட்டங்களைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தாமதமானவர் நடந்த தேதியை எழுதுவதற்குப் பதில் திட்டத் தேதியைத் தள்ளிவைப்பார். மனித இயல்பு.

ஒரு சின்ன விஷயம், பெரிய தலைவலி. புதிய கூகுள் ஷீட் சில சமயம் அமெரிக்க அமைப்பில் திறக்கும். அங்கே 03/04 என்றால் மார்ச் 4. நாம் எழுதியது ஏப்ரல் 3. ஃபைல் மெனுவில் அமைப்புகளுக்குப் போய் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டு அப்புறம் முதல் தேதியை எழுதுங்கள். அதோடு தேதிக் கட்டங்களை 03-ஏப்ரல் என்று மாதம் எழுத்தில் வரும்படி வடிவம் கொடுங்கள், குழப்பத்துக்கே இடமில்லை.

ஜாப் ஒர்க் (சாயம், பிரிண்டிங் என்று வெளி யூனிட்டில் செய்யக் கொடுக்கும் வேலை) டி.சி.க்கு அதே ஷீட்டில் தனித் தாள்: டி.சி. எண், யூனிட், போன கிலோ, வந்த கிலோ, நிறம், பாக்கி. ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். ஜாப் ஒர்க் விவரங்களுக்கான ஐடிசி-04 ஜிஎஸ்டி படிவம் போடும் சமயத்தில் நான்கு கோப்பைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உள்ள அக்கவுன்டன்ட், இந்த ஒரு தாளுக்காகவே மொத்தத் திட்டத்துக்கும் சம்மதிப்பார்.

லைன் உற்பத்தியை சூப்பர்வைசரே ஏற்றட்டும், ஆனால் ஷீட்டைத் திறந்து அல்ல. போனில் திறக்கும் ஒரு படிவம், கேள்விகள் தமிழில்: எந்த லைன், எந்த ஸ்டைல், எத்தனை பீஸ், ரிஜெக்ட் எத்தனை. ஸ்டைல் நம்பரைத் தட்டச்ச விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். நான்கு கேள்விக்கு மேல் கேட்டால் மூன்றாம் நாள் நிரப்ப மாட்டார்கள்.

படி 5: பேச்சு எங்கே நடக்கும்?

இப்போதுதான் சண்டை வரும். வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டு ஸ்லாக், டீம்ஸ், கூகுள் சாட், ஜோஹோ கிளிக் என்று எதையாவது கொண்டுவர எல்லாரும் ஆசைப்படுவார்கள். திருப்பூரில் வாட்ஸ்அப்பை எடுக்க முடியாது. சாயப்பட்டறை அதில், பிரிண்டிங் அதில், வண்டி டிரைவர் அதில், பாதி பையிங் ஆபீஸும் அதில். எடுக்க முயன்று தோற்றவர்களில் நானும் ஒருவன். ஓர் இடத்தில் ஆபீஸ் சாட் ஒன்றைக் கொண்டுவந்தேன். இரண்டு வாரத்தில் அதில் பேசிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். குட் மார்னிங்குக்குக்கூட பதில் வரவில்லை.

அதனால் இரண்டாகப் பிரியுங்கள். ஆபீஸின் 9 பேர் தங்களுக்குள் பேசுவது கம்பெனி சாட்டில். ஒவ்வொரு பையருக்கும் ஒரு அறை, அதற்குள் ஸ்டைல் வாரியாகத் தொடர். ‘4417 நீளம் மாற்றம்’ என்று தொடங்கிய தொடருக்குள்ளேயே அது சம்பந்தமான எல்லாப் பதிலும் கிடக்கும். நடுவில் டீ ஆர்டரும் பிறந்தநாள் கேக்கும் வராது. ஆறு மாதம் கழித்து 4417 என்று தேடினால் முழுக்கதையும் வரும். புதிதாகச் சேரும் மெர்ச்சண்டைசர் பழையவருக்கு போன் போடாமல் படித்தே தெரிந்துகொள்ளலாம். இந்த வகைக் கருவிகளின் உண்மையான பலன் இதுதான் என்று நினைக்கிறேன். வேகம் வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது.

ஃபைலைப் பற்றிய பேச்சை அந்த ஃபைலிலேயே நடத்தப் பழகுங்கள். ஷீட்டில் அந்தக் கட்டத்தின் மேல் கமென்ட் போட்டு, அட் குறியோடு ஒருவரின் முகவரியைச் சேர்த்து அவருக்கு ஒப்படைத்தால், அவருக்கு மெயில் போகும். அவர் முடித்ததும் மூடிவிடலாம். “சொன்னேனே”, “சொல்லவே இல்லையே” என்பது குறையும். முழுக்க நிற்கும் என்று சொல்ல மாட்டேன்.

வெளியாட்களோடும் ஃப்ளோரோடும் வாட்ஸ்அப் தொடரட்டும், மூன்று கட்டுப்பாட்டோடு. முதலாவது, சார்ட்டோ ஆர்ட்ஒர்க்கோ படமாக அனுப்பக்கூடாது. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். 8 எது, 6 எது என்று கட்டிங் டேபிளில் வாதம் வரும். லிங்க் மட்டும் அனுப்புங்கள். அடுத்தது, வாட்ஸ்அப்பில் எடுத்த முடிவு அன்று மாலைக்குள் ஷீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஷீட்டில் இல்லாத முடிவு எடுக்கப்படாத முடிவு. கடைசியாக, கட்டைவிரல் பதிலாகாது. ஸ்டைல் நம்பரும் சார்ட் தேதியும் எழுதி “சரி” என்று போட வேண்டும்: “4417, 12-ஜூன் சார்ட், சரி.” எழுதும் அந்த ஐந்து நொடியில் திறந்து பார்த்துவிடுவோம்.

வாய்ஸ் மெசேஜ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரில் எல்லோருக்கும் அது பிடிக்கும், கையில் துணி இருக்கும்போது தட்டச்ச முடியாது, நியாயம்தான். ஆனால் ஒன்றரை நிமிட வாய்ஸுக்குள் ரேட் ஒன்று ஒளிந்திருந்தால் இரண்டு மாதம் கழித்து அதைத் தேடி எடுக்க யாராலும் ஆகாது. வாய்ஸில் வந்த எண்ணை வாங்கியவர் எழுத்தில் திருப்பிப் போடட்டும்.

படி 6: கணக்கு

டாலியை அப்படியே விட்டுவைக்கலாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பதை வாடகை சர்வரில் ஏற்றி எங்கிருந்தும் திறக்கும் வசதியும் உண்டு, முழுக்க ஆன்லைனில் இயங்கும் கணக்கு மென்பொருள்களும் உண்டு. எதை எடுத்தாலும் ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது செய்தார் என்று பதிவுசெய்யும், அணைக்க முடியாத தடம் கணக்கு மென்பொருளில் கட்டாயம். மின்னணுக் கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவில் இருக்கும் சர்வரில் சேமிக்கப்பட வேண்டும். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே சந்தாவை நிறுத்தும் முன் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். விற்றுமுதல் 5 கோடி தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். மென்பொருளே நேராக அதை எடுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: கிளவுடில் இருப்பது பேக்கப் ஆகாது

இதை நம்ப மறுப்பவர்கள் அதிகம். கம்ப்யூட்டரோடு ஒத்திசையும் ஃபோல்டரில் ஒன்றை அழித்தால் மேலேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் இல்லை. ரான்சம்வேர் (பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்து ஃபைல்களைப் பூட்டினால் பூட்டிய ஃபைல்கள்தான் ஒழுங்காக மேலே ஏறும். டேட்டா சென்டரே எரிந்ததும் உண்டு: 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் ஒரு கட்டடம் முழுக்க எரிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் அன்று எல்லாவற்றையும் இழந்தார்கள்.

பழைய கணக்கு ஒன்று உண்டு: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். நமக்கு இப்படிப் பொருந்தும். கிளவுடில் ஒன்று. சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த பிறகு டிரைவையும் டாலி டேட்டாவையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கிக் கழற்றி, ஓனர் வீட்டுக்கு எடுத்துப் போவது இன்னொன்று. மாதம் ஒருமுறை வேறொரு நிறுவனத்தின் சேமிப்பில் மூன்றாவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்கிலிருந்து ஏதாவது ஒரு ஸ்டைலைத் திறந்து பாருங்கள். இரண்டு வருடம் தவறாமல் பேக்கப் எடுத்த ஒருவர், திறக்கும் நாளில்தான் ஷார்ட்கட் ஐகான்களை மட்டும் நகலெடுத்திருக்கிறோம் என்று கண்டார். கூகுள் ஷீட்டுகளுக்கு இது நடக்கும். அவற்றை எக்செலாக மாற்றி இறக்க வேண்டும்.

படி 8: பூட்டு

ஏற்றுமதியாளர்களுக்கு வரும் பெரிய ஆபத்து மெயிலில் வருகிறது. யாரோ ஒருவர் உங்கள் மெர்ச்சண்டைசரின் பாஸ்வேர்டைத் திருடி, மாதக்கணக்கில் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பார். ஷிப்மென்ட் போய், பணம் வர வேண்டிய வாரத்தில் உங்கள் பெயரிலேயே, அதே இன்வாய்ஸ் நம்பரோடு பையருக்கு ஒரு மெயில் போகும்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. பையரும் நம்பி அனுப்பிவிடுவார். தடுக்க இரண்டு காரியம். எல்லாக் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் போனிலும் உறுதிசெய்வது), விதிவிலக்கு ஓனருக்கும் இல்லை. அப்புறம், வங்கி விவரம் மெயிலில் ஒருபோதும் மாறாது, மாறினால் பழைய நம்பருக்கு போன் செய்து உறுதிசெய்த பிறகே என்று பையரிடம் முதல் ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது. மீறி நடந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்; முதல் சில மணி நேரம்தான் பணத்தை நிறுத்த வாய்ப்பு.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் கணக்கை உடனே அழிக்காதீர்கள். முதலில் இடைநிறுத்தம். பிறகு அவருடைய சொந்த டிரைவ் ஃபைல்களையும் மெயில்களையும் அடுத்தவருக்கு மாற்றுவது. அதன் பிறகே அழிப்பது. கூகுளில் அழித்த கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம், அதற்கு மேல் முடியாது. வாட்ஸ்அப் குரூப்புகளிலிருந்து நீக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிப் புத்தகம் எல்லாம் பொது டிரைவில் கிடக்க வேண்டாம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கும் பொறுப்பை உங்கள் மேல் வைக்கிறது. எச்.ஆர். பார்ப்பவருக்கும் ஓனருக்கும் மட்டும் திறக்கும் தனி டிரைவ் போதும்.

படி 9: நெட், கரண்ட்

இரண்டு வேறு நிறுவனங்களின் இணைப்பு, ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ். முக்கிய ஷீட்டுகளை ஆஃப்லைனில் திறக்கும்படி முன்பே அமைத்துவிட்டால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலும் லேப்டாப்பில் எழுதலாம். நெட் வந்ததும் ஏறிக்கொள்ளும்.

படி 10: மாற்றுவது எப்போது, யாரோடு

எல்லாப் பையரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஆர்டர் குறைந்த மாதத்தில், சின்னப் பையர் ஒருவரின் புதிய சீசனில் தொடங்குங்கள். மூன்று வாரம் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்தே ஓடட்டும். நான்காவது வாரம் பழையதை நிறுத்துங்கள். நிறுத்தும் தேதியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரட்டை வேலை வருடக்கணக்கில் போகும்.

ஸ்டோர் கீப்பர் இருபது வருடமாக நோட்டில் எழுதுபவர் என்றால் நோட்டைப் பிடுங்காதீர்கள். அவர் எழுதட்டும், மாலையில் இன்னொருவர் ஷீட்டில் ஏற்றட்டும். கொஞ்ச நாளில் அவரே போனை நீட்டி, “இதுல எப்படிங்க போடறது?” என்பார். என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஓனர் செய்ய வேண்டியது ஒன்று. யாராவது போன் செய்து “அந்த ஸ்டைல் எந்த நிலையில் இருக்கிறது?” என்று கேட்டால் பதில் சொல்லாமல் “ஷீட்டில் என்ன இருக்கிறது?” என்று திருப்பிக் கேட்பது. அவரே ஷீட்டைத் திறக்காமல் மெர்ச்சண்டைசரைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் ஏன் நிரப்புவார்கள்?

கட்டிங் டேபிளுக்கு மேல் ஒரு அட்டை தொங்கவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டைலின் நம்பர் பெரிதாக, கீழே சார்ட் லிங்க்கின் கியூஆர் கோடு. யுபிஐ பழகிய ஊரில் ஸ்கேன் செய்ய யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன மாதம் ஒரு கம்பெனியில் இதை மாட்டிவிட்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர் ஸ்கேன் செய்தார், சார்ட்டின் தேதியைப் பார்த்தார், டேப்பை எடுத்து மார்க்கரில் (துணி மேல் விரிக்கும் பேட்டர்ன் தாளில்) நீளத்தை அளந்தார். அப்புறம் போனை எடுத்து மெர்ச்சண்டைசரைக் கூப்பிட்டார்: “மேடம், 4 ஆம் தேதி சார்ட்தான் திறக்குது, வெட்டட்டுங்களா?” லேயில் கத்தி வைக்கும் முன் தேதியைச் சொல்லிக் கேட்டார். அந்தப் பக்கம் மேடம் சரி என்றாரோ, இருங்கள் என்றாரோ, எனக்குக் கேட்கவில்லை. மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.